ஓட்டியவர் பெயர்

டீச்சர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ரிஜிஸ்டர் தபால் கொண்டுவரும் தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி, ஸ்டாண்டு போட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, பையிலிருந்து பீடாவை எடுத்து வாயில் அடக்கிக்கொண்ட பிறகுதான் அந்தத் துண்டுச் சீட்டு அவர் கைக்குத் திரும்பி வரும். அதில் படிக்க என்ன இருக்கிறது என்று நான் ஒரு தடவை கேட்டேன். "என்ன இருக்குன்னு படிச்சாத்தான தம்பி தெரியும்" என்றார். மேற்கொண்டு பேச முடியாது. அவர் கணக்கு டீச்சர்.

லாலாகுடாவில் ரயில்வே ஒர்க் ஷாப்புக்குப் பின்பக்கம் ஆறு வீடுகள் கொண்ட காம்பவுண்டில் நாங்கள் குடியிருந்தோம். முதல் வீடு அவர்களுடையது. கடைசி வீடு, புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்த எனக்கு. எமர்ஜென்சி முடிந்திருந்த சமயம். நான் திருச்சிக்காரன். செகந்திராபாத்தில் சர்க்கார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் அசிஸ்டெண்ட். டீச்சர் பாளையங்கோட்டை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஊரை விட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சில் அந்த ஊர் அப்படியே இருந்தது. அவருடைய கணவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஒர்க் ஷாப்பில் சார்ஜ்மேன். ஒரே பையன், காலேஜில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். அப்பாவும் அம்மாவும் தமிழில் கேட்பார்கள், அவன் இந்தியில் பதில் சொல்வான்.

அண்ணாச்சி எப்போது பார்த்தாலும் ஒரே கதையைச் சொல்வார். கல்யாணத்தன்று சர்ச்சில் ரிஜிஸ்டரை நீட்டியிருக்கிறார்கள். மணப்பெண் பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் மேலிருந்து படித்தாராம். மாப்பிள்ளையின் வயதில் ஒன்று குறைவாக இருந்ததாம். "இவ திருத்தச் சொல்லி நிக்கா. பாடகர் குழு அந்தப் பாட்ட ரெண்டாவது தடவையும் பாடி முடிச்சாச்சு. பாதிரி ஐயரு முழிக்காரு. எனக்கு வேர்த்து ஊத்துது. சரி, இவ நம்மளையும் நல்லாப் படிச்சுப் பாத்துட்டுத்தான் சம்மதிச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்." இதைச் சொல்லிவிட்டு அவரே சத்தமாகச் சிரிப்பார். டீச்சர் உள்ளேயிருந்து, "வயசு தப்பா இருந்துச்சுல்லா?" என்பார்.

எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்த நாட்கள் உண்டு. ஒரு கோடையில் காம்பவுண்டுக்குத் தண்ணீர் வராமல் போய், எல்லோருமாகச் சேர்ந்து மனு எழுதினோம். இருபது நாளாகத் தண்ணீர் இல்லை என்று கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால்தான் ஆள் வருவான். டீச்சர் படித்துவிட்டு, "ஒம்போது நாள்தான தம்பி ஆகுது?" என்றார். ஐந்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்த அந்தத் தாளில் அவர் போடவில்லை. ஒன்பது நாள் என்று தனியாக ஒரு மனு எழுதி அதில் போட்டார். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம். அந்த அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு எங்களை என்னவென்று நினைத்திருப்பார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிள்ளையின் வயதை ஆறு மாதம் கூட்டிச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தர் வந்தார். டீச்சர் போட மறுத்தார். பிள்ளைக்கு ஒரு வருஷம் வீண். அந்த அம்மா அழுதுகொண்டே போனார். டீச்சரும் சமையலறையில் நின்று அழுதார் என்று என் மனைவி வந்து சொன்னாள். அழுதாரே தவிரப் போடவில்லை. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று நான் அன்று இரண்டு வேளையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி ஒரு பழைய ஃபியட் கார் வாங்கினார். அதைத் துடைப்பதற்கென்றே அவரிடம் தனித் துணி இருந்தது. கொஞ்ச நாளில் டீச்சருக்கு ஓட்டக் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு வயதில், முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு டீச்சர் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்ததைக் காம்பவுண்டே நின்று பார்த்தது. எல்.எல்.ஆர். எடுத்தார்கள். பழகுகிற நேரத்தில் மட்டும் முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து இரண்டு பேரும் ஷாமீர்பேட் ஏரிப் பக்கம் போனார்கள். திரும்பும்போது நின்றுகொண்டிருந்த கல் லாரியின் பின்னால் கார் மோதியது. இடது முன்பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது. அண்ணாச்சி அங்கேயே இறந்துவிட்டார். டீச்சருக்கு வலது தோள் எலும்பு முறிந்தது.

ஐந்தாம் நாள் நான் கிளெய்ம் பாரத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாக் கட்டங்களையும் நானே நிரப்பியிருந்தேன். உதவி செய்கிறேனாம். ஓட்டியவர் பெயர் என்ற கட்டத்தில் அண்ணாச்சியின் பெயரை எழுதியிருந்தேன். எஃப்.ஐ.ஆரில் அப்படித்தான் இருந்தது. கான்ஸ்டபிள் வந்து சேர்வதற்குள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் வெளியே தூக்கிப் படுக்க வைத்துவிட்டார்கள். டீச்சருக்கு நினைவில்லை. காரில் வந்தது ஒரு ஆணும் ஒரு பொம்பளையும். யார் ஓட்டியது என்று கேட்க அந்தக் காலத்தில் எந்தக் கான்ஸ்டபிளுக்குத் தோன்றும்?

டீச்சர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"தம்பி, இது தப்பு. நான்லா ஓட்டுனேன்."

அவர் மெதுவாகச் சொன்னார். ஏரிக்கரையில் அண்ணாச்சி சாவியை நீட்டியிருக்கிறார். எல்.எல்.ஆர். முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு, புதுப்பிச்சுட்டு ஓட்டுதேன் என்று டீச்சர் மறுத்திருக்கிறார். "ஞாயித்துக்கிழமை ரோட்டுல ஒரு ஈ காக்கா கெடையாது. எனக்காக ஒரு நாளு தாள மறந்துட்டு ஓட்டேன் என்னாக. அவுக கேட்டாகளேன்னு ஓட்டுனேன். பிரேக்குன்னு நெனச்சு மத்தத மிதிச்சுட்டேன் தம்பி."

அந்த இடத்தில் நான் பாரத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. "டீச்சர், எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது மாதிரியே பாரத்திலும் இருக்கணும். மாறினா ஃபைல் அப்படியே நின்னுடும். எல்.எல்.ஆர். முடிஞ்சவங்க ஓட்டினதுன்னு தெரிஞ்சா கிளெய்மே கிடையாது. உங்க மேல போலீஸ் கேஸ் வேற வரும். உங்க பையனை யார் பாத்துப்பாங்க?" என்றேன். நம்ம தமிழ்க் குடும்பம், நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் சொன்னேன். எங்கள் பிரிவில் இப்படி எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டோம், பாரத்தைச் சரிபண்ணுகிறோம் என்போம்.

"அவுகளுக்கு இதனால ஒண்ணும் வராதே?" என்று டீச்சர் கேட்டார்.

"போனவருக்கு இனிமே என்ன டீச்சர் வரப்போகுது?"

இதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

டீச்சர் பேனாவைக் கேட்டு வாங்கினார். கட்டுப் போட்ட தோளை அசைக்காமல் கையெழுத்துப் போட்டார். தெரிந்தே ஒரு பொய்யின் கீழே அவர் போட்ட முதல் கையெழுத்து அது. கிளெய்ம் நான் சொன்னபடியே தடங்கல் இல்லாமல் பாஸ் ஆனது. ரிப்பேர் செய்து கட்டுப்படியாகாது, டோட்டல் லாஸ் என்று எழுதி ஃபைலை மூடினோம். உடைந்த வண்டியைக் கம்பெனி டெண்டரில் ஒரு காயலான் கடைக்காரருக்கு விற்றது. ஆர்.சி. புக் ரத்துக்குப் போனது.

போனவருக்கு என்ன வரும் என்று இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது. பட்டப்பகல், காலி ரோடு, நிற்கிற லாரி. இருபது வருஷம் ஒர்க் ஷாப் ஜீப் ஓட்டிய மனுஷன் போய் அதில் மோதுவானா? குடித்திருப்பான் என்று ஒர்க் ஷாப்பில் யாரோ ஒருத்தன் ஆரம்பித்தான். அண்ணாச்சி சோடாகூடக் குடிக்க மாட்டார், ஏப்பம் வருகிறது என்பார். ஆனாலும் அந்தப் பேச்சு பஸ்ஸிலும் சர்ச் வாசலிலும் நடமாட ஆரம்பித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாவம், நல்ல மனுஷன், அன்னைக்கு மட்டும் கொஞ்சம் போட்டிருப்பார் போல என்றுதான் சொன்னார்கள்.

அது பையன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்லறைக்குச் சிலுவைக் கல் வைத்த அன்று அவன் வரவில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டான். டீச்சர் காரணம் கேட்டபோது நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். "அப்பா பீகே சலாயே. சப் போல்ரே" என்றான். குடித்துவிட்டு ஓட்டினாராம், எல்லோரும் சொல்கிறார்களாம். "உன்னையும் சாகடிச்சிருப்பாரு அம்மா" என்று அதை மட்டும் தமிழில் சொன்னான். அப்பாவைப் பற்றி இனிமேல் என்னிடம் பேசாதே என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். டீச்சர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். யாரிடமும் உண்மையைச் சொல்ல வேண்டாம், என் வேலை போய்விடும் என்று நான் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஒரு சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து, "வண்டி இப்ப எங்கன கெடக்கு தம்பி?" என்று கேட்டார்.

சொன்னேன். அதைத் திருப்பி வாங்க முடியுமா என்றார். அண்ணாச்சி ஞாபகத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் எடுத்து விட்டேன். வாங்கலாம், ஆனால் பெரிய தலைவலி. பதிவு ரத்தான வண்டி. பழுது பார்த்து, மறுபடியும் புது வண்டி மாதிரி ரிஜிஸ்டர் பண்ண வேண்டும். இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்து பாஸ் பண்ண வேண்டும். சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். விபத்து எப்படி நடந்தது என்று ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் வேறு.

"யாரு ஓட்டுனாகன்னும் அதுல எழுதணுமா?"

"கட்டாயம் எழுதணும்."

"அந்தத் தாளு ஒங்க ஆபீசுக்கு வருமா?"

"அங்கே எதுக்கு வருது டீச்சர்?" என்றேன். தெரியாமலேதான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை காயலான் கடைக்குப் போய் அவர் அந்தக் காரை வாங்கினார். காம்பவுண்டு முழுக்க ஒரே பேச்சு. புருஷனைக் கொன்ற வண்டியைத் திருப்பி வாங்குகிற பெண்பிள்ளை உண்டா? என் மனைவிகூட, அதை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் நான் ஊருக்குப் போய்விடுவேன் என்றாள். மெக்கானிக் பாய் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். "மா, யே காடி நக்கோ. மன்ஹூஸ் ஹை, தரித்திரம் புடிச்சது. இதுல போடற காசுக்கு ராசியான வண்டி ஒண்ணு புடிச்சுத் தரேன்" என்றார். டீச்சர் இதே வண்டிதான் வேண்டும் என்றார். ஏழு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஷெட்டுக்குப் போய், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார். டிங்கரிங் சுத்தியல் சத்தத்தில் எப்படித்தான் கூட்டல் போட்டாரோ. நசுங்கிக் கிடந்த இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அதைப் பார்க்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார் என்று பாய் என்னிடம் சொன்னார்.

வண்டி தயாரானதும் டீச்சர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அவர் கைப்பட இங்கிலீஷில் எழுதியது. அதை ஸ்டாம்ப் பேப்பரில் டைப் அடித்து வாங்கி வரச் சொன்னார். வாசல் படியில் நின்றே படித்தேன். அன்று வண்டியை ஓட்டியது நான். என் எல்.எல்.ஆர். முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. என் கணவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் மது அருந்தும் பழக்கம் இல்லாதவர். தவறு முழுக்க என்னுடையது.

"இதுக்காகவா டீச்சர் காரை வாங்கினீங்க?"

"ஆமா."

"பையன்கிட்ட மட்டும் வாயால சொன்னா போதாதா?"

"கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய்ய வாயால சொல்லி அழிக்க முடியாது தம்பி. கையெழுத்துப் போட்டுத்தான் அழிக்கணும். அத அவன் சர்க்கார் கையில இருந்து வாங்கிப் படிக்கணும். போலீசுக்கோ ஒங்க கம்பெனிக்கோ எழுதுனா ஒங்களுக்கு வெனையாப் போவும். பச்சப்புள்ளக்காரரு. ஒங்க ஆபீசுக்குப் போகாத தாளு எதுன்னு தேடித்தான் இம்புட்டுச் சுத்திப் போறேன்."

எனக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பெண் ஒரு காரையே வாங்கியிருந்தார்.

தாளை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மரத்தடி டைப்பிஸ்டிடம் போனேன். எங்கள் கம்பெனிக்குப் பழக்கமானவன். கூட இருந்த கிளெய்ம் பேப்பரையும் சேர்த்துப் படித்துவிட்டு, "என்ன சார், இது கம்பெனி பேப்பரோடு ஒத்துப்போகலையே. டோட்டல் லாஸ் வண்டின்னா அஃபிடவிட் காப்பி ஒண்ணு சரிபார்க்க உங்க கம்பெனிக்குப் போகுமே" என்றான். பாரத்தை நிரப்பிய எழுத்து என்னுடையது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் நாலு மாதக் குழந்தை.

டீச்சரிடம் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன், அது எங்கள் ஆபீசுக்கு வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் எனக்காக வேறு வழி தேடியிருப்பார். நிச்சயம் தேடியிருப்பார். எனக்கு அவரிடம் பயம் இல்லை, வெட்கம். ஒன்றுமே நடக்காத மாதிரி காரியத்தை முடித்துவிடலாம் என்று தோன்றியது. பழைய பாரத்தில் இருந்தபடியே, வண்டியைக் காலஞ்சென்ற என் கணவர் ஓட்டினார் என்று டைப் அடிக்கச் சொன்னேன். அவர் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாஸிங் அன்று நல்ல வெயில். பாய்தான் வண்டியை ஓட்டி வந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்துத் தலையாட்டினார். ஒரு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். நோட்டரி அவசரப்படுத்தினார். நான் தாள்களைக் கிளிப் மாட்டி, கடைசிப் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி பானெட்மேல் வைத்து நீட்டினேன். டீச்சர் வழக்கம்போலக் கைப்பையைத் திறந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார்.

"நீங்க எழுதினதேதான் டீச்சர். ஒரு எழுத்து மாறலை. ஜன்னலை மூடிடுவாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு வேர்த்திருந்தது. தனக்காக வெயிலில் அலைகிறான் என்று நினைத்திருப்பார். "நீங்க பாத்திருப்பிய, தம்பி" என்று சொல்லி, கண்ணாடிக் கூட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு மூன்று காப்பியிலும் வேகமாகக் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் முகத்தில் அண்ணாச்சி இருந்த காலத்துத் தெளிவு தெரிந்தது. பாய்க்கும் எனக்கும் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்தேன்.

ஆர்.சி. புக் வந்ததும் அதோடு இருக்கும் அஃபிடவிட் காப்பியை நானே வாங்கி ஒளித்துவிடலாம் என்றிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது டீச்சர் வாசலில் நின்று கூப்பிட்டார். "நீங்களும் வாங்க தம்பி, இன்னைக்கு இங்கன சாப்பிடலாம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அவனயே அனுப்பிருக்கேன். அதுல அம்மா என்ன எழுதிருக்கேன்னு வாங்குன உடனே நின்னு படிலன்னு சொல்லிருக்கேன். இப்ப வந்துருவான்." வீடெல்லாம் தேங்காய்ப்பால் சொதி வாசனை. அண்ணாச்சிக்குப் பிடித்தது. அவர் போன பிறகு அந்த வீட்டில் அன்றுதான் செய்திருக்கிறார். கைக்கடிகாரத்தைத் துடைத்து, சாவி கொடுத்து, மேஜையில் பையன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் பையன் வந்துவிட்டான்.

"படிச்சியால?"

படித்தேன் என்பதற்கு "படா" என்றான். அப்பா ஓட்டினார் என்று எல்லாரும் சொல்கிறதுதானே இதிலும் இருக்கிறது, இதைப் படிக்கவா என்னை அத்தனை தூரம் அனுப்பினாய் என்று இந்தியில் கேட்டான்.

டீச்சர் காப்பியை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். அடுப்பில் ஏதோ கொதித்து வழிகிற சத்தம் கேட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"இது நான் எழுதுனது இல்ல" என்றார். "நான்தாம்ல ஓட்டுனேன். ஒங்கப்பா ஓட்டல. அவுக பக்கத்துல இருந்தாக. நான்தான் தப்பா மிதிச்சுட்டேன். அவுக குடிக்கலல. சத்தியமா நான்தாம்ல."

பையன் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவன் நாற்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். முறிந்து கூடியிருந்த அந்தத் தோளில் கையை வைத்தான். "அம்மா, தும் பின் படே சைன் கர்தே க்யா? கபீ கரே?" என்று கேட்டான். நீ எப்போதாவது படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாயா என்று கேட்கிறான். ஆஸ்பத்திரிப் பாரத்தில் ஒரு கையெழுத்து, இதில் ஒரு கையெழுத்து. இரண்டும் அம்மாவுடையது. "அவருக்காக ஜூட் நக்கோ போலோ அம்மா" என்றான். அப்பாவைக் காப்பாற்ற நீ பொய் சொல்ல வேண்டாம். பிரியத்தோடுதான் சொன்னான். பெற்ற பிள்ளை, அம்மா முதல் தடவையாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்து, ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. எப்படி மாறியது என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தக் கண்ணில் தெரிந்தது.

"நீங்க சொல்லுங்க தம்பி" என்றார். "ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான்."

அவர் எழுதிய தாள் அப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. நடுவில் நாலே வீடு. பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணிலும் ஒரு ஆசை இருந்தது. அவனுக்கும் அப்பா வேண்டும்தானே.

"டீச்சர் ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. அம்மாவைச் சாப்பிடச் சொல்லு" என்றேன்.

அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் நாங்கள் அதே காம்பவுண்டில் இருந்தோம். டீச்சர் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னைப் பார்த்தால் "சாப்பிட்டாச்சா தம்பி?" என்பார். என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காரில் அவர் ஒரு தடவைகூட ஏறவில்லை. இரண்டு மழைக்காலம் காம்பவுண்டில் நின்றது, பிறகு பாயே வந்து எடுத்துக்கொண்டு போனார். கம்பெனிக்கு வந்த காப்பி பழைய பாரத்தோடு ஒத்துப்போனது என்று நானே குறிப்பு எழுதி ஃபைலில் சேர்த்தேன். எனக்கு இரண்டு பிரமோஷன் வந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்து அட்டெண்டர் ஏதோ நோட்டீஸ் கொண்டுவந்து நீட்டினான். டீச்சர் கண்ணாடியைத் தேடவில்லை. அவன் விரல் வைத்த இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவன் அங்கேயே நின்று அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ரிட்டயராகி இரண்டாம் வருஷம் இறந்துபோனார். பையன் அவரை அண்ணாச்சிக்குப் பக்கத்தில் வைக்கச் சம்மதிக்கவில்லை. அந்த ஆளுக்குப் பக்கத்தில் அம்மா வேண்டாம் என்று சொல்லி, கல்லறைத் தோட்டத்தின் அடுத்த கோடியில் இடம் வாங்கினான். அன்றும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றும் சொல்லவில்லை.

அவன் இப்போது புனேயில் இருக்கிறான். வருஷப் பிறப்புக்குத் தவறாமல் போன் செய்வான். கஷ்ட காலத்தில் அம்மாவுக்குத் துணையாக இருந்தவர் நீங்கள் ஒருத்தர்தான் அங்கிள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். டீச்சர் கைப்பட எழுதிய அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவன் விலாசமும் இருக்கிறது. ஒரு கவரில் போட்டு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அனுப்பாமல் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.